பித்தநாளத்தைக் காக்கும் விதி: அறிந்தும் கட்டாயமாகாதது ஏன்?

திருவனந்தபுரம்:

பித்தப்பைக் கல்லுக்கு வயிற்றைத் திறக்காமல், நான்கு சிறு துளைகள் வழியாகச் செய்யப்படும் லேப்ராஸ்கோபி அறுவைச் சிகிச்சை இன்று மாவட்டத் தலைநகரங்கள் வரை பரவிவிட்டது. இன்று அறுவை, ஓரிரு நாளில் வீடு என்பதே பெரும்பாலான நோயாளிகளின் அனுபவம். ஆனால் இச்சிகிச்சை பெறுவோரில் ஆயிரத்துக்கு 3 முதல் 5 பேர் வரை, கல்லீரலில் இருந்து குடலுக்குப் பித்தநீரைக் கொண்டு செல்லும் முதன்மை நாளம் சேதமடைந்த நிலையில் அறுவை அரங்கை விட்டு வெளியே வருகின்றனர் என்று பல நாட்டு ஆய்வுகள் கூறுகின்றன. வயிற்றைத் திறந்து செய்த பழைய முறையில் இது ஆயிரத்துக்கு 1 அல்லது 2 என்ற அளவிலேயே இருந்தது.

எண்ணிக்கை சிறிதாகத் தோன்றலாம். பாதிப்பு சிறிதல்ல. பித்தப்பைக் கல் ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம் வருகிறது. உழைத்துக் குடும்பத்தைத் தாங்கும் வயதில் உள்ள ஒரு பெண், சாதாரண அறுவை என்று சொல்லப்பட்ட ஒன்றுக்குச் சென்று, மாதக் கணக்கில் மஞ்சள் காமாலை, காய்ச்சல், வயிற்றில் சீழ், மறு அறுவை, கடன் என்று அலைய நேரிடுகிறது. காலத்தில் சரிசெய்யப்படாவிட்டால் கல்லீரலே கெட்டு, மாற்றுக் கல்லீரல் தேவைப்படும் நிலையும் ஏற்படுகிறது.

இதைத் தடுக்கும் நெறிமுறை 1995-லேயே வகுக்கப்பட்டுவிட்டது. அதற்கு விலையுயர்ந்த புதிய கருவி எதுவும் தேவையில்லை. ஆயினும் அதை ஒவ்வோர் அறுவை அரங்கிலும் கட்டாயமாக்கும் சட்டமோ, இத்தகைய காயங்களைக் கணக்கெடுக்கும் நாடு தழுவிய கட்டாயப் பதிவேடோ இந்தியாவில் இல்லை.

குமரி மக்களுக்கும் உரிய கேள்வி

1951-ல் தொடங்கப்பட்ட திருவனந்தபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, தென் கேரளத்துக்கு மட்டும் உரியதாக என்றும் இருந்ததில்லை. 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடு இணைந்திருந்த கன்னியாகுமரி மாவட்டத்தின் மக்களுக்கு, பெருநோய் என்றால் திருவனந்தபுரம் என்ற பழக்கம் எல்லை பிரிந்த பின்னரும் போகவில்லை. மார்த்தாண்டம், குழித்துறை, நாகர்கோவில் பகுதிகளில் இருந்து நோயாளிகள் இன்றும் இங்கு வருகின்றனர். வேறிடத்தில் அறுவை செய்துகொண்டு, சிக்கல் முற்றிய பின் பெரிய மருத்துவமனையைத் தேடி வருவோரும் உண்டு. ஆகவே பித்தநாளப் பாதுகாப்பு என்பது இரு மாநில அரசுகளும் சேர்ந்து பதில் சொல்ல வேண்டிய கேள்வியாகிறது.

கையின் பிழையா, கண்ணின் பிழையா?

கல்லீரலின் அடியில் ஒட்டியிருப்பது பித்தப்பை. அதிலிருந்து புறப்படும் சிறு குழாய், கல்லீரலில் இருந்து இறங்கும் நாளத்தோடு சேர்ந்து முதன்மைப் பித்தநாளமாகிக் குடலை அடைகிறது. பித்தப்பையை அகற்ற, அந்தச் சிறு குழாயையும் பித்தப்பைக்குரிய தமனியையும் மட்டும் கிளிப் போட்டு வெட்ட வேண்டும். முதன்மை நாளத்தைத் தொடக்கூடாது.

நடப்பது என்னவென்றால், பித்தப்பையை இழுத்துப் பிடிக்கும்போது சிறு குழாயும் முதன்மை நாளமும் ஒரே கோட்டில் வந்துவிடுகின்றன. அழற்சியால் திசுக்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால் சிறு குழாய் மறைந்தே போகிறது. திரையில் தெரியும் முதன்மை நாளத்தைச் சிறு குழாய் என்று நம்பி மருத்துவர் வெட்டிவிடுகிறார். அருகில் செல்லும் கல்லீரலின் வலத் தமனியும் சில வேளைகளில் சேர்ந்து அறுபடுகிறது.

அமெரிக்காவின் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லாரன்ஸ் வே குழுவினர் இத்தகைய 252 காயங்களை ஆராய்ந்து 2003-ல் முடிவுகளை வெளியிட்டனர். அவற்றில் 97 சதவீதத்துக்கு மூல காரணம் பார்வை மயக்கமே என்றும், கைத்திறன் குறைபாடு காணப்பட்டது 3 சதவீதத்தில் மட்டுமே என்றும் அவர்கள் கண்டனர். தான் பார்ப்பது சரியே என்று மருத்துவர் உறுதியாக நம்புவதால், பெரும்பாலான காயங்கள் அறுவையின்போதே கண்டுபிடிக்கப்படுவதும் இல்லை. இதன் பொருள் தெளிவானது. "கவனமாக இருங்கள்" என்று அறிவுரை கூறுவதால் மட்டும் இது நிற்காது. கண்ணை நம்பி வெட்டும் வழக்கத்துக்குப் பதிலாக, நிரூபித்த பின் வெட்டும் ஒழுங்கு வேண்டும்.

வேகமாக வந்த முறை

1882-ல் பெர்லினில் கார்ல் லாங்கன்புக் முதன்முதலாகப் பித்தப்பையை அகற்றினார். அதன் பின் ஒரு நூற்றாண்டு, வயிற்றைத் திறந்து செய்வதே முறையாக இருந்தது. 1985 செப்டம்பரில் ஜெர்மனியின் பெப்லிங்கன் நகரில் எரிக் மூஹே துளை வழியாக அதைச் செய்து காட்டியபோது சக மருத்துவர்கள் ஏளனம் செய்தனர். 1987-ல் பிரான்சில் பிலிப் மூரே செய்த பின்னர் நிலைமை தலைகீழானது. சில ஆண்டுகளுக்குள் உலகம் முழுவதும் இம்முறைக்குப் போட்டி ஏற்பட்டது. நோயாளிகளே கேட்டு வாங்கும் சிகிச்சையாகவும் அது ஆனது.

இந்தியாவில் 1990-ல் மும்பை ஜே.ஜே. அரசு மருத்துவமனையில் டாக்டர் டெஹம்டன் உத்வாடியா இதைத் தொடங்கினார். செல்வந்தருக்கான சிகிச்சை என்று கருதப்பட்ட ஒன்றை ஏழைகள் வரும் அரசு மருத்துவமனையில் தொடங்கியது அவரது பெருமை. விரைவில் வேலைக்குத் திரும்ப வேண்டிய தேவை கூலித் தொழிலாளிக்கே அதிகம் என்ற உண்மை அதில் அடங்கியிருந்தது. தமிழகத்தில் கோவையைச் சேர்ந்த டாக்டர் சி. பழனிவேலு போன்றோர் இத்துறையை வளர்த்தனர்.

ஆனால் முறை பரவிய வேகத்துக்குப் பயிற்சியும் கண்காணிப்பும் ஈடுகொடுக்கவில்லை. மேலை நாடுகளிலேயே 1990-களின் தொடக்கத்தில் பித்தநாளக் காயங்கள் பெருகின. அந்த அனுபவத்தில் இருந்துதான் பாதுகாப்பு நெறிமுறை பிறந்தது.

பதவியில் இருந்தவரும் தப்பவில்லை

காயத்தின் கடுமையை உணர அரசியல் வரலாற்றிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. பிரிட்டனின் வெளியுறவு அமைச்சராக இருந்த ஆந்தனி ஈடனுக்கு 1953 ஏப்ரல் 12 அன்று லண்டனில் பித்தப்பை அகற்றப்பட்டது. துளை வழி முறை இல்லாத காலம் அது. அந்த அறுவையில் பித்தநாளம் சேதமடைந்தது. லண்டனில் இரண்டாவது அறுவை நடந்தது. பின்னர் பாஸ்டன் நகருக்குச் சென்று, பித்தநாளச் சீரமைப்பில் வல்லவரான ரிச்சர்ட் கேட்டலிடம் மூன்றாவது அறுவை செய்துகொண்டார்.

1955-ல் பிரதமரான பின்னரும் கடுங்காய்ச்சல் அவரை விடவில்லை. 1956 அக்டோபரில், சூயஸ் நெருக்கடி உச்சத்தை நோக்கிச் சென்ற வேளையில், அவரது உடல் வெப்பம் 106 டிகிரியைத் தொட்டது. 1957 ஜனவரியில் உடல்நலத்தைக் காரணம் காட்டிப் பதவி விலகினார். அதே ஆண்டு மீண்டும் அறுவை, 1970-ல் இன்னொன்று. சூயஸ் முடிவுகளில் நோயின் பங்கு எவ்வளவு என்பது வரலாற்றாசிரியர்களிடையே விவாதத்துக்குரியது. உலகின் சிறந்த மருத்துவர்களை அணுக முடிந்த ஒருவருக்கே இந்தக் காயம் 17 ஆண்டுகள் தொடர்ந்தது என்பது விவாதத்துக்கு அப்பாற்பட்டது. நாள் கூலி பெறும் ஒருவருக்கு இது என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை.

மூன்று நிபந்தனைகள்

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரைச் சேர்ந்த ஸ்டீவன் ஸ்ட்ராஸ்பெர்க்கும் சக மருத்துவர்களும் 1995-ல் வகுத்த நெறிமுறை, "கிரிட்டிக்கல் வியூ ஆஃப் சேஃப்டி" என்று மருத்துவ உலகில் அழைக்கப்படுகிறது. பாதுகாப்பை உறுதிசெய்யும் காட்சி எனலாம். எதையும் வெட்டுமுன் மூன்று நிபந்தனைகள் நிறைவேற வேண்டும்.

முதலாவது, பித்தப்பைக்கும் கல்லீரலுக்கும் நாளத்துக்கும் இடைப்பட்ட முக்கோணப் பகுதியில் உள்ள கொழுப்பும் நார்த் திசுவும் முழுமையாக நீக்கப்பட வேண்டும். இரண்டாவது, பித்தப்பையின் கீழ்ப் பகுதியில் மூன்றில் ஒரு பங்கு கல்லீரலில் இருந்து பிரிக்கப்பட்டிருக்க வேண்டும். மூன்றாவது, பித்தப்பைக்குள் இரண்டே இரண்டு அமைப்புகள் மட்டும் செல்வது கண்ணுக்குத் தெரிய வேண்டும். இவை மூன்றும் நிறைவேறிய பின்னரே கிளிப்பும் கத்தரியும் வர வேண்டும்.

அமெரிக்க லேப்ராஸ்கோபி மருத்துவர் சங்கமான சேஜஸ் இதனோடு வேறு சில விதிகளையும் சேர்த்தது. நாளங்களின் அமைப்பு ஆளுக்கு ஆள் மாறும் என்பதை நினைவில் கொள்ளுதல், ஐயம் ஏற்பட்டால் நாளத்துக்குள் மருந்து செலுத்தி எக்ஸ்ரே எடுத்தல், வெட்டுமுன் ஒரு நிமிடம் நிறுத்தி அரங்கில் உள்ள அனைவரும் சரிபார்த்தல், ஆபத்தான பகுதியை நெருங்கினால் நிறுத்திவிட்டு மாற்று வழியில் முடித்தல், இன்னொரு மருத்துவரின் உதவியைக் கேட்டல் ஆகியவை அவை. பச்சை நிறச் சாயத்தைச் செலுத்திச் சிறப்புக் கேமராவில் நாளங்களைப் பார்க்கும் வசதியும் பெரிய மருத்துவமனைகளில் வந்துள்ளது. அது துணை செய்யலாம். மூன்று நிபந்தனைகளுக்கு மாற்றாகாது.

நிறுத்தத் தெரிவதும் திறமையே

நிபந்தனைகள் நிறைவேறவில்லை என்றால்? அங்குதான் மருத்துவரின் முதிர்ச்சி தெரியும். பித்தப்பையை முழுமையாக அகற்றாமல், ஆபத்தான அடிப்பகுதியை விட்டுவிட்டுக் கல்லை மட்டும் எடுத்து முடிக்கலாம். கல்லீரல் சுருக்க நோய் உள்ளவர்களுக்கு இத்தகைய பகுதி அகற்றல் உதவுவதைக் கோவை பழனிவேலு குழுவினர் 2006-ல் சர்வதேச மருத்துவ இதழில் பதிவு செய்துள்ளனர். ஒரு குழாய் வைத்துவிட்டு வேறொரு நாள் வரலாம். வயிற்றைத் திறக்கலாம். ஆனால் கடுமையாக ஒட்டிய திசுக்களில் வயிற்றைத் திறப்பது மட்டுமே பாதுகாப்பாகிவிடாது; திறந்து செய்து பழகாத இளம் மருத்துவர்களுக்கு அதுவே புதிய ஆபத்தாகலாம்.

துளை வழியில் தொடங்கி வயிற்றைத் திறந்து முடித்தால் "மருத்துவர் தோற்றுவிட்டார்" என்று உறவினர்கள் கருதும் மனநிலை நம்மிடையே உள்ளது. மாற வேண்டியவற்றில் இதுவும் ஒன்று.

அறுவையே வேண்டாதவர்களும் உண்டு. வேறு காரணத்துக்காக ஸ்கேன் எடுக்கும்போது தற்செயலாகத் தெரியும், வலி எதுவும் தராத கற்களைப் பெரும்பாலும் கண்காணித்தாலே போதும். அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் இத்தகைய 123 பேரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 1982-ல் வெளியானது. 15 ஆண்டுகளில் அவர்களில் 18 சதவீதத்தினருக்கே வலி தோன்றியது. மிகப் பெரிய கல், பித்தப்பைச் சுவரில் மாற்றம் போன்ற சில நிலைகள் மட்டும் விதிவிலக்கு. தேவையற்ற அறுவையைத் தவிர்ப்பதே முதல் தடுப்பு.

அறுத்தவரே சரிசெய்யலாமா?

காயம் ஏற்பட்ட பின் எடுக்கும் முதல் முடிவே நோயாளியின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கிறது. 1995-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், காயப்படுத்திய மருத்துவரே செய்த முதல் சீரமைப்புகளில் 17 சதவீதமே வெற்றி பெற்றன. பித்தநாளச் சிறப்பு மருத்துவர்கள் செய்தவற்றில் 94 சதவீதம் வெற்றி பெற்றன. 2003-ல் வெளியான மற்றோர் ஆய்வு, அமெரிக்க முதியோர் காப்பீட்டில் நடந்த சுமார் 15.7 லட்சம் பித்தப்பை அறுவைகளைப் பரிசீலித்தது. அவற்றில் 7,911 பேருக்குப் பித்தநாளக் காயம் ஏற்பட்டிருந்தது. காயப்படுத்திய மருத்துவரே சரிசெய்தபோது மரண அபாயம் 11 சதவீதம் கூடுதலாக இருந்தது.

தில்லி பந்த் மருத்துவமனை, லக்னோ சஞ்சய் காந்தி முதுநிலை நிலையம், சென்னை ஸ்டான்லி மருத்துவமனை போன்ற அரசு நிறுவனங்கள் பிறவிடங்களில் காயமுற்றவர்களுக்குச் சீரமைப்பு செய்துவருகின்றன. சிறப்பு மருத்துவர்கள் நாட்டில் இல்லாமல் இல்லை. உரிய நேரத்தில் அவர்களிடம் நோயாளி போய்ச் சேருவதில்தான் தடை உள்ளது. சில நாள்களில் அனுப்ப வேண்டியவர்களை, மானத்துக்கும் வழக்குக்கும் அஞ்சி வாரக் கணக்கில் வைத்திருந்தால் சேதம் பன்மடங்காகிறது.

கருவியும் காத்திருப்பும்

2025 ஜூன் இறுதியில் திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரியின் சிறுநீரகவியல் துறைத் தலைவர் டாக்டர் ஹாரிஸ் சிறைக்கல், கருவி இல்லாததால் அறுவைகளைத் தள்ளிவைக்க வேண்டியுள்ளது என்று சமூக வலைதளத்தில் பகிரங்கமாக எழுதினார். மாநிலம் முழுவதும் விவாதம் எழுந்தது. விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. சில நாள்களில் கருவி வந்து சேர்ந்தது. பின்னர் அவரிடமே விளக்கமும் கேட்கப்பட்டது. அது வேறு துறையின் சிக்கல். ஆயினும் பொது மருத்துவத்தில் முன்னணியில் உள்ளதாகப் பாராட்டப்படும் மாநிலத்திலேயே, குறையைச் சொல்லும் மருத்துவர் எந்த நிலைக்கு ஆளாகிறார் என்பதை அது காட்டியது.

பித்தப்பை அறுவையிலும் இது பொருந்தும். கடுமையான அழற்சியோடு வருபவருக்கு முதல் சில நாள்களுக்குள் அறுவை செய்வது நல்லது என்பது இன்றைய மருத்துவக் கருத்து. அரங்கு இல்லை, கருவி இல்லை என்று காத்திருக்க வைத்தால் அழற்சி மீண்டும் மீண்டும் வந்து திசுக்கள் இறுகுகின்றன. அதன் பின் செய்யும் அறுவையே பித்தநாளத்துக்கு ஆபத்தானது. பழைய கேமராவும் மங்கிய திரையும் கண்ணின் மயக்கத்தைக் கூட்டுகின்றன.

2018-ல் வந்த மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத், கேரளத்தின் காருண்யா, தமிழகத்தின் முதலமைச்சர் காப்பீடு ஆகிய திட்டங்கள் ஏழைகளுக்கு இந்த அறுவையை எட்டச் செய்துள்ளன. அது நன்மையே. ஆனால் ஓர் அறுவைக்கு இவ்வளவு என்று பணம் தரும் முறை, எத்தனை அறுவை நடந்தது என்பதை எண்ணுகிறது. எவ்வளவு பாதுகாப்பாக நடந்தது என்பதை எண்ணுவதில்லை.

சட்டம் பின்னால் வருகிறது

1995-ல் வி.பி. சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம், கட்டணம் பெறும் மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்கு உட்பட்டது என்று தீர்ப்பளித்தது. அனைவருக்கும் முற்றிலும் இலவசமாகச் சிகிச்சை தரும் மருத்துவமனைகளை அத்தீர்ப்பு விலக்கியது. அதனால் தனியார் மருத்துவமனையில் காயமுற்றவருக்குத் திறந்திருக்கும் எளிய வழி, அத்தகைய இலவச மருத்துவமனையில் காயமுற்ற ஏழைக்கு இல்லை. 2005-ல் ஜேக்கப் மேத்யூ வழக்கில், மிகக் கடுமையான அலட்சியம் இருந்தால் மட்டுமே மருத்துவர் மீது குற்ற வழக்கு என்று வரையறுக்கப்பட்டது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சம்ஹிதாவின் 106-வது பிரிவு, அலட்சியத்தால் மரணம் விளைவிக்கும் மருத்துவருக்கு இரண்டு ஆண்டு வரை சிறை என்கிறது.

இவையெல்லாம் சேதம் நடந்த பின் வருபவை. காயம் ஏற்பட்டது என்பதாலேயே அது அலட்சியம் ஆகிவிடாது. உரிய கவனம் செலுத்தப்பட்டதா என்பதே கேள்வி. அதற்குச் சான்றாகக் கிடைப்பது பெரும்பாலும் மருத்துவரே எழுதிய சில வரிக் குறிப்பு. மூன்று நிபந்தனைகள் நிறைவேறியதைக் காட்டும் ஒரு படம் கோப்பில் இருந்தால் அது நோயாளிக்கும் நீதி, நேர்மையான மருத்துவருக்கும் கேடயம்.

செய்ய வேண்டியது என்ன?

பதிவு செய்யப்பட்ட மருத்துவமனைகள் அனைத்திலும், வெட்டுமுன் எடுத்த படம் நோயாளியின் கோப்பில் இருக்க வேண்டும் என்று விதிக்கலாம். கேமரா ஏற்கெனவே வயிற்றுக்குள் இருக்கிறது. கூடுதல் செலவு அநேகமாக இல்லை. காப்பீட்டுத் தொகையை வழங்க அப்படத்தை நிபந்தனையாக்கலாம். பகுதி அகற்றலுக்கும் பாதியில் நிறுத்தியதற்கும் தொகையைக் குறைக்கக் கூடாது. காயங்களைப் பெயர் குறிப்பிடாமல் பதிவு செய்யும் மாநிலப் பதிவேடு வேண்டும். காயம் ஏற்பட்டால் குறித்த நாள்களுக்குள் சிறப்பு மையத்துக்கு அனுப்பும் கடமையும், அச்சீரமைப்புக்கு முழு இலவசமும் வேண்டும்.

இத்தகைய விதிகள் பலன் தருமா என்ற ஐயத்துக்கு விடை உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் அறுவைப் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியல், தில்லி உள்ளிட்ட 8 நகரங்களில் சோதிக்கப்பட்டது. 2009-ல் வெளியான முடிவின்படி, அறுவைக்குப் பிந்தைய மரணங்கள் 1.5 சதவீதத்தில் இருந்து 0.8 சதவீதமாகக் குறைந்தன. அதற்குத் தேவைப்பட்டது ஒரு தாள் மட்டுமே.

நோயாளிகளும் கேட்க வேண்டும். எனக்கு அறுவை அவசியமா? கடினமாக இருந்தால் என்ன செய்வீர்கள்? வயிற்றைத் திறப்பதற்கும் பகுதி அகற்றலுக்கும் முன்கூட்டியே விளக்கம் தந்து ஒப்புதல் பெற்றீர்களா? 2008-ல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒரு செயலுக்குத் தந்த ஒப்புதல் மற்றொன்றுக்கு ஆகாது என்று கூறியதை நினைவில் கொள்ளலாம். வீடு திரும்பிய பின் வலி குறையாமல் கூடினாலோ, வயிறு உப்பினாலோ, காய்ச்சல், வாந்தி, கண்ணில் மஞ்சள் தோன்றினாலோ ஒரு நாளும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குத் திரும்ப வேண்டும். அறுவைக் குறிப்பும் படங்களும் கையில் இருக்க வேண்டும். மாநில எல்லையைக் கடந்து வருவோருக்கு இது இன்னும் அவசியம்.

கேரளம் 2018-ல் மருத்துவமனைகளுக்கான பதிவு மற்றும் ஒழுங்குமுறைச் சட்டத்தை இயற்றியது. தமிழகத்திலும் அத்தகைய சட்டம் உள்ளது. புதிய சட்டத்துக்காகக் காத்திருக்காமல், இருக்கும் சட்டங்களின் கீழேயே இரு மாநிலங்களும் விதிகளை வகுக்க இயலும். சட்டமன்ற உறுப்பினர்களும் மருத்துவர் சங்கங்களும் இக்கோரிக்கையை எழுப்பினால், ஓர் அரசாணையில் முடியக்கூடிய வேலை இது.